மழைக்கு இழைத்த கதவு

தாராவியில் அந்த ஒற்றை அறை வீட்டு வரிசைக்காரர்கள் யாரும் பிரம்மநாயகத்தைக் கேட்காமல் சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை. கேட்டுவிட்டு அடித்தவர்களுக்குக் காரை பெயர்ந்து விழுந்தது என்பது வேறு விஷயம். விழுந்த காரையைக் கையில் ஏந்திக்கொண்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கவும் அவர்கள் அவரிடம்தான் போனார்கள்.

அவர் தச்சர் இல்லை. தாதர் பக்கம் ஒரு மரக்கடையில் பலகை அளந்து போடுகிற வேலை. காலையிலிருந்து தச்சர்கள் வருவார்கள், பலகையை விரல் முட்டியால் தட்டுவார்கள், ஒற்றைக் கண்ணை மூடி நேர் பார்ப்பார்கள், போன வாரம் கொடுத்த கட்டை வளைந்துவிட்டதென்று சண்டை போடுவார்கள். வருஷக்கணக்கில் இதைக் கேட்டுக் கேட்டுப் பிரம்மநாயகத்துக்குத் தச்சர்களின் பேச்சு அத்தனையும் படிந்துவிட்டது. தச்சு வேலை மட்டும் படியவில்லை. ஆனால் மீன் விற்கிறவனுக்கு நீச்சல் தெரிந்திருக்கும் என்று நம்புகிற ஜனங்கள் அந்த வரிசையில் இருந்தார்கள். ஆகவே மரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள். அவரும் அதை மறுக்கவில்லை.

கூப்பிட்டால் போவார். போனதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பொருளை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். குனிந்து தட்டிப் பார்ப்பார். "ம்..." என்பார். அந்த "ம்" வந்துவிட்டால் வீட்டுக்காரம்மாள் டீ போடப் போய்விடவேண்டும். டீ வந்த பிறகுதான் யோசனை வரும். உளியையோ சுத்தியலையோ மட்டும் தொடமாட்டார். "சொல்லுதது என் வேல. செய்யுதது உங்க வேல" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவார். இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி இருந்தது. வேலை சரியாக வந்தால் யோசனை நல்ல யோசனை. கெட்டுப்போனால் செய்தவன் கை சரியில்லை.

சிலது நன்றாகவே வந்தது, அதையும் சொல்லவேண்டும். இழுக்க முடியாத மேஜை இழுப்பறைக்கு மெழுகுவர்த்தி தேய்க்கச் சொன்னார், வழுக்கிக்கொண்டு வந்தது. திருகாணி நிற்காமல் கழலுகிற ஓட்டையில் தீக்குச்சிகளை ஒடித்துத் திணித்துவிட்டுத் திருகச் சொன்னார், நின்றது. எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை. எலி கடித்த கதவடியில் டால்டா டின்னை வெட்டித் தகடாக அடிக்கச் சொன்னதும் அவர்தான்.

பக்கத்து அறை பூலோகத்தின் கட்டில் விஷயத்தில்தான் கொஞ்சம் பிசகிவிட்டது. புரண்டு படுத்தால் கட்டில் கிரீச்சிடுகிறது என்று அவன் வந்து சொன்னபோது, மூட்டுகளில் சோப்பைத் தேய் என்றார். மறுநாளே மூட்டைப்பூச்சி என்று வந்தான். மூட்டுகளில் மண்ணெண்ணெய் விடு என்றார். பூலோகம் சொன்ன பேச்சைத் தட்டாதவன், இரண்டையும் தாராளமாகச் செய்தான். அன்று படுத்ததும் கட்டிலின் நாலு காலும் நாலு திசைக்குப் போயின.

"அண்ணாச்சி, கட்டிலு கழண்டு போச்சே!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல அண்ணாச்சி. வழுக்கிக்கிட்டு எறங்கிட்டு."

"அப்ப வைத்தியம் பலிச்சிருக்குவே" என்றார் பிரம்மநாயகம். பூலோகம் யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று ஒப்புக்கொண்டு போனான்.

பாகிஸ்தான் சண்டை வந்த வருஷம் ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொல்லி உத்தரவு வந்ததல்லவா, அப்போதும் வரிசை முழுவதும் அவரைத்தான் கேட்டது. கடைப் பசை வேண்டாம், மைதாவைக் காய்ச்சி நாலு கைச் சர்க்கரை போட்டால் கல் மாதிரிப் பிடிக்கும் என்றார். பிடிக்கவும் செய்தது. ஆனால் வரிசையிலிருந்த கரப்பான்பூச்சிகள் அத்தனைக்கும் அந்த வாரம் கல்யாணச் சாப்பாடு. காகிதம் சல்லடையாகி, ராத்திரி வெளியே நின்று பார்த்தால் ஒவ்வொரு ஜன்னலிலும் நட்சத்திரம் பூத்திருந்தது. இருட்டடிப்பைக் கண்காணிக்கிற வார்டன் வந்து தொண்டை கிழியக் கத்தினார். அவருக்கு மைதாவைப் பற்றித் தெரியாது, பாவம்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் கதவு.

அந்த வரிசைக்காரர்கள் எல்லோரும் திருநெல்வேலிக்குத் தெற்கே, வானம் பார்த்த ஊர்களிலிருந்து வந்தவர்கள். அந்தப் பக்கத்துக் கதவு பிறந்தபோது என்ன அளவோ, சாகும்போதும் அதே அளவு. பம்பாய் மழையில் மரம் தண்ணீர் குடித்து ஊதும், குளிர்காலத்தில் காய்ந்து சுருங்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஜூலையில் கதவு சாத்தவில்லையென்றால் தச்சன் அளவைத் தப்பாக எடுத்துவிட்டான் என்று அர்த்தம். உடனே பிரம்மநாயகத்தைக் கேட்டார்கள். அவர், "ஓரத்த இழைச்சிரு" என்றார்.

இழைத்தார்கள். சாத்தியது. ஜனவரியில் பார்த்தால் கதவுக்கும் நிலைக்கும் நடுவே பூனை நிமிர்ந்து போகும் அளவுக்குச் சந்து. மறுபடியும் கேட்டார்கள். "ஓரத்துல ஒரு ரீப்பர் அடிச்சிரு" என்றார். மெல்லிய ரீப்பர் கட்டையை ஓரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். அடுத்த ஜூலையில் ரீப்பரோடு சேர்த்து ஊதியது. மறுபடி இழைப்பு. அதற்கடுத்த குளிருக்கு மறுபடி ரீப்பர். நாளடைவில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆடி பிறந்தால் வரிசை முழுக்க இழைப்புளிச் சத்தம், வாசலெல்லாம் சுருள்சுருளாகச் சீவல். தை பிறந்தால் ஆணி அடிக்கிற சத்தம். கலியாணமாகி அங்கே வந்த பெண்கள் இதையும் ஒரு பண்டிகை என்றே நினைத்துக்கொண்டார்கள். சில கதவுகளில் பழைய பலகையைவிட ரீப்பர் அதிகமாக இருந்தது.

பிரம்மநாயகம் தம் கையால் வேலை செய்த ஒரே பொருள் தம் வீட்டுக் கதவு. துறைமுகத்துப் பெட்டிப் பலகையில் ஒரு நல்ல தச்சன் செய்து கொடுத்தது. அதை அவர் இழைத்ததும் ரீப்பர் அடித்ததும் போக, கீல்களையும் கழற்றிக் கழற்றி மாட்டியதில் திருகாணி ஓட்டைகள் பெருத்துப்போய், ஒவ்வொன்றிலும் அரைப் பெட்டித் தீக்குச்சி போயிருந்தது.

"ஊருக்கெல்லாம் வாயால சொல்லிட்டு வந்திருதிய. அந்த ஊரெல்லாம் தப்பிச்சிட்டு. நம்ம கதவுதான் உங்க கையில மாட்டிக்கிட்டு" என்பாள் மனைவி பேராச்சி.

அவர்களுக்கு ஒரே மகள், தங்கமயில். முனிசிபல் இந்திப் பள்ளியில் மெட்ரிக் வரை படித்தவள். தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். இந்தியில் சண்டை போட்டால் காய்கறிக்காரன் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவான். அம்பர்நாத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவளைக் கேட்டு வந்திருந்தார்கள். அவளுக்கு இப்போது கல்யாணம் வேண்டாம், வேலைக்குப் போகவேண்டும். வீட்டில் பெரிய தர்க்கம் நடந்து கடைசியில் பிரம்மநாயகம் வாக்குக் கொடுத்தார்: விக்ரோலியில் மருந்துக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், அந்த வேலை கிடைத்தால் அம்பர்நாத்துக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம், கிடைக்காவிட்டால் ஆவணியில் முகூர்த்தம். தங்கமயிலும் சரி என்றாள். அந்தக் கம்பெனியில் பாட்டிலில் மாத்திரை அடைக்கிற பகுதியில் வேலை பார்த்த அதே வரிசை ஆவுடையம்மாள், சூப்பர்வைசரிடம் சொல்லிவைத்து, நேரில் வந்து பார்க்க ஒரு நாள் குறித்து வாங்கிக் கொடுத்தாள். ஷிப்டுக்கு மணி அடித்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், பிந்திப் போனால் உள்ளே விடமாட்டார்கள் என்றும் சொல்லியிருந்தாள்.

அந்த நாள் வந்தது. ஆடி மாசம். விடிய விடிய மழை கொட்டி, அப்போதும் தூறிக்கொண்டிருந்தது. பேராச்சி குழாயடிக்குப் போயிருந்தாள். தங்கமயில் உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். ஒற்றை அறை என்பதால் பிரம்மநாயகம் கதவை ஒருக்களித்துவிட்டு, குடையோடு வெளியே நின்றார். ஆவுடையம்மாளும் அவளைக் கூட்டிப்போகத் தயாராக வந்து நின்றாள். பூலோகம் இழைப்புளியும் கையுமாக வந்தான்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக் கதவு இறுகிட்டு. இழைச்சிரட்டுமா?"

இங்கேதான் கிரகம் பிடித்தது. அந்த வாரம் கடையில் எந்தத் தச்சனோ எதற்கோ சொன்ன ஒரு பேச்சு பிரம்மநாயகத்தின் மண்டையில் புதிதாக ஏறியிருந்தது.

"இந்த வருசம் இழைப்பே கெடையாதுவே. நாம இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் தப்பு. மரத்தப் பழக்கணும்."

"பழக்கணுமா?"

"ஆமா. ஓங்கி ஓங்கிச் சாத்தணும். நாலு தரம் சாத்தினா, இதான் நம்ம எடம்னு மரத்துக்குத் தெரிஞ்சுபோவும். இங்க பாரும்."

கதவு உட்பக்கம் திறப்பது. வெளியிலிருந்து சாத்தவேண்டுமென்றால் வளையத்தைப் பிடித்து இழுக்கவேண்டும். பிரம்மநாயகம் குடையைப் பூலோகத்திடம் கொடுத்தார். வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலை நிலையில் உதைத்துக்கொண்டு, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு இழுத்தார். தையில் அடித்த ரீப்பர் அந்த ஓரத்தில் அப்படியே இருந்தது. டம்மென்று ஒரு சத்தம். கதவு நிலையோடு நிலையாக உட்கார்ந்துவிட்டது.

"பாத்தீரா? இனி தண்ணிகூட உள்ள போவாது" என்றார்.

"அடேங்கப்பா!" என்றான் பூலோகம்.

உள்ளேயிருந்து தங்கமயிலின் குரல் வந்தது. "அப்பா, ரெடியாயிட்டேன். கதவு வரமாட்டேங்கு, தள்ளுங்க."

பிரம்மநாயகம் விரல் நுனியால் தள்ளினார். பிறகு உள்ளங்கையால். தோளால் ஒரு முட்டு முட்டியிருந்தால் விஷயம் அப்போதே முடிந்திருக்கலாம். ஆனால் பூலோகம் பார்த்துக்கொண்டிருந்தான். ஊருக்கே யோசனை சொல்லுகிறவர், தாம் பழக்கிய கதவில் மாடு மாதிரி முட்டுவதா?

"இரும்மா. இப்பத்தான் ஒக்காந்திருக்கு. கொஞ்சம் ஆறட்டும்" என்றார்.

"ஆற டைம் எங்க இருக்கு? டிரெயின் போயிரும்!"

சத்தம் கேட்டு வரிசை முழுவதும் கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அதில் முக்கால்வாசி அவரே அவர்களுக்கு எப்போதோ சொல்லிக்கொடுத்தது. மெழுகுவர்த்தி தேய்க்கலாம் என்றார் ஒருவர். சோப்பு என்றார் இன்னொருவர். சோப்பு வேண்டாம் என்று பூலோகம் இடுப்பைத் தடவிக்கொண்டே சொன்னான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற நெல்லையப்பன் மட்டும் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"தள்ளிக்கிடுங்க அண்ணாச்சி. ஒரே முட்டு."

பிரம்மநாயகம் இரண்டு கையையும் விரித்துக் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். "தொடாதயும்! முட்டினா நிலை பிளந்துரும். மழத்தண்ணி பூரா உள்ள வரும்."

நிலை பிளக்காது என்று அவருக்கே தெரியும். முட்டினால் ரீப்பர்தான் பிய்த்துக்கொண்டு வரும். வந்தால் அதற்கடியில் இருக்கிற பழைய ரீப்பர், அதற்கும் அடியில் இன்னொன்று, வளைந்த ஆணிகள், பிறகு கீலில் இருக்கிற தீக்குச்சிகள், அத்தனையும் ஊர் முன்னால் வந்து விழும். அவருக்கு இருந்த பயம் அதுதான். மகளின் நாளைவிட அந்த நேரத்துக்கு அது அவருக்குப் பெரிதாக இருந்தது.

"ஈரந்தான் காரணம். ஈரத்த எடுத்தாப் போதும். சிகடிய மூட்டிக் கொண்டாங்க" என்றார்.

யாரோ ஒரு வீட்டிலிருந்து கரி அடுப்பைத் தூக்கிவந்து கதவடியில் வைத்தார்கள். தூறலில் கரி பிடிக்கவில்லை, புகைந்தது. பூலோகம் விசிறியெடுத்து மும்முரமாக வீசினான். புகை முழுவதும் கதவடி இடுக்கு வழியாக உள்ளே போனது. தண்ணீர்கூடப் போகாது என்று சொன்ன இடத்தில் புகை தாராளமாகப் போனது.

உள்ளே தங்கமயில் இருமினாள்.

"அண்ணாச்சி, நல்லா இருக்கா ஒங்களுக்கு?" என்று ஆவுடையம்மாள் குடையைத் தரையில் குத்தினாள். "கேட்டப் பூட்டிருவான். புள்ள ஒரு மாசமா இந்த நாளத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கா."

இன்னொரு இருமல். அதன் பிறகு உள்ளேயிருந்து சத்தமே இல்லை. பிரம்மநாயகம் கதவிடுக்கில் காதை வைத்துப் பார்த்தார். கதவாவது, பேராவது. அங்கிருந்தே, "நெல்லையப்பா, முட்டுவே!" என்றார். கூட்டத்தின் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. நெல்லையப்பன் அப்போது விசிறிக்காகப் பூலோகத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

எல்லோரும் தாழ்ப்பாள் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு கீல் பக்கம் திறந்தது.

யாரும் எதிர்பார்க்காத ஓரத்திலிருந்து, சுவரை ஒட்டினாற்போலத் தங்கமயில் வெளியே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஒரு கையில் செருப்பு, மறு கையில் சோற்றுக்கரண்டி. கரண்டிக் காம்பைக் கீல் பட்டைக்கு அடியில் கொடுத்து நெம்பியிருக்கிறாள். திருகாணிகள் பால்பல் மாதிரிக் கையோடு வந்துவிட்டன. உள்ளே தரையெல்லாம் தீக்குச்சி.

"ஹட்டுங்க, ஹட்டுங்க, டைம் ஆயிட்டு" என்று கூட்டத்தை விலக்கினாள். கரண்டியை அப்பாவின் கையில் கொடுத்தாள். ஆவுடையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொள்ள, சயான் ஸ்டேஷனைப் பார்த்து இரண்டுபேரும் சேற்றில் ஓடினார்கள்.

கூட்டம் பிரம்மநாயகத்தைப் பார்த்தது. பிரம்மநாயகம் கரண்டியைப் பார்த்தார்.

"கீல நான் வேணும்னுதான் லூசா வச்சிருந்தேன். இப்படி ஒரு ஆபத்து அவசரம்னா உள்ள இருக்கவுக வெளிய வரணும்லா?" என்றார்.

"அண்ணாச்சி மூளையே மூளை" என்றான் பூலோகம். ஒருவர் தவறாமல் தலையை ஆட்டினார்கள். நாலு வீட்டில் அன்றைக்கே கீல்களைத் தளர்த்தியும் வைத்தார்கள்.

குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த பேராச்சி, சாய்ந்து கிடந்த கதவையும் புகைகிற அடுப்பையும் கரண்டியையும் பார்த்தாள். குடத்தை இறக்கிவைத்துவிட்டு, தரையில் கிடந்த தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அதுதான் அவரை ரொம்ப வதைத்தது. அன்று முழுவதும் கடையில் பலகையைத் தப்புத் தப்பாக அளந்து, முதலாளியிடம் பேச்சு வாங்கினார்.

தங்கமயில் போனபோது கேட்டைப் பூட்டியிருந்தார்கள். ஆவுடையம்மாள் வாட்ச்மேனோடு மன்றாடிச் சூப்பர்வைசரம்மாவை வரவழைத்தாள். முதல் நாளே பிந்தி வருகிறாயே என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, கதவு திறக்கவில்லை என்று இந்தியில் சொன்னாள் தங்கமயில். திறக்கவில்லையென்றால் எப்படி வந்தாய் என்று கேட்டாள் அவள். தங்கமயில் கரண்டியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாளாம். அந்த அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளையிலிருந்து வா என்று சொல்லிவிட்டாளாம். இப்போதைக்கு இல்லை என்று சொல்ல அம்பர்நாத்துக்கு ஆள் போனது.

மறுவாரம் தங்கமயில் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்த ரீப்பரெல்லாம் எடுத்துருங்க. பொறவு மழையோ குளிரோ, அதத் தொடாதீங்கப்பா."

ரீப்பர்களைப் பிய்த்தெடுத்து, கீல்களை வேறு இடத்தில் மாட்டினார்; அதன்பிறகு தொடவில்லை. குளிர்காலத்தில் சந்து விட்டது. பேராச்சி பழைய சேலையைச் சுருட்டி அதில் வைத்தாள். கை அரித்தாலும் பிரம்மநாயகம் ஆணி டப்பாவைத் திறக்கவில்லை. அடுத்த மழைக்குக் கதவு தானாகவே ஊதி, அளவெடுத்தாற்போல நிலையில் பொருந்தியது. ஒரு விரலால் திறக்கலாம், ஒரு விரலால் சாத்தலாம்.

ஆடி பிறந்தது. வழக்கம்போல ஜனங்கள் வந்தார்கள்.

"கதவு இறுகிட்டு அண்ணாச்சி. என்ன செய்ய?" என்றான் நெல்லையப்பன்.

"ஒண்ணும் செய்யாண்டாம். ரீப்பர எடுத்துட்டு, மழ முடியிற வரைக்கும் சும்மா விடும்."

நெல்லையப்பன் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. "ம்" கூட வரவில்லை. அவன் வீட்டில் போட்ட டீ வீணாயிற்று. அண்ணாச்சிக்குப் பழைய மூளை இல்லை, மகள் சம்பாத்தியம் வந்ததும் ஆள் மாறிவிட்டார் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். இழைப்புளி பூலோகத்திடம் இருந்தது. அவனும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிவரப் பழகியிருந்தான். வரிசை முழுவதும் இழைப்புச் சத்தம் கிளம்பியது. கதவு விஷயத்தில் முதல்முறையாகச் சரியான யோசனை ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிரம்மநாயகம் தனியாக உட்கார்ந்திருந்தார்.

தங்கமயில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். ஒரு வருஷமாக மனசிலேயே வைத்திருந்ததை அவர் அப்போது சொன்னார். யாராவது ஒருவருக்காவது தெரியவேண்டும் என்று இருந்தது அவருக்கு.

"அன்னிக்கு நான் முட்டச் சொன்னேம்மா. கடேசில சொல்லிட்டேன். யாரு காதுலயும் விழல."

"எனக்கு விழுந்துச்சுப்பா."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. அப்ப மேல் கீலு கழண்டு, கதவு என் தோள்லயில்லா நிக்கி! நெல்லையப்ப மாமா முட்டினா கதவோட அவரும் சேந்து எம்மேல வந்து விழுவாருன்னு பதறிப்போயிதான் கீழ்க் கீல ஒரே இழுப்பா இழுத்தேன்." சிரித்தாள். "இல்லாட்டா இன்னும் கொஞ்சம் நேரம் நெம்பிக்கிட்டுத்தான் நின்னிருப்பேன். வாரேம்ப்பா."

அவள் போனபிறகு பிரம்மநாயகம் கதவருகில் போனார். பிறகு அதை ஒரு விரலால் சாத்தினார். சத்தமே இல்லாமல் போய் நிலையில் உட்கார்ந்தது. அதைப் பார்த்து அடேங்கப்பா என்று சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை.